இரண்டு விரல் பிடி

மத்தியானம் இரண்டேகால் மணி சுமாருக்கு ஹாலில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி ஒரு சுற்றை விழுங்கியது.

வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. சன்னலோரம் கிடந்த திவானில் ஒருக்களித்துப் படுத்திருந்தவருக்கு விழுந்தது. விர்ரென்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், எண்ணெய் வற்றிய புஷ்ஷில் ஷாஃப்ட் உரசுவதுபோலக் கரகரவென்று இழுத்து, நின்று, ஒரு இடைவெளி விட்டு, மறுபடியும் இழுத்தது. அந்த இடைவெளிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓடுகிற எதுவும் அப்படி யோசித்து யோசித்து ஓடாது.

முப்பத்தோரு வருஷமாக மோட்டார் ரிப்பேர் செய்து பிழைத்தவர் அவர். தண்ணீர் பம்பு, மர அறுவை மெஷின், லிஃப்ட், எதுவானாலும் கழட்டுவதற்கு முன்னால் கேட்பார். ஒன்றரை அடி நீளத் திருப்புளியின் முனையை ஓடுகிற மோட்டாரின் உடம்பில் வைத்து, மரக் கைப்பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொள்வார். பேரிங் தேய்ந்ததா, ஷாஃப்ட் வளைந்ததா, எந்தப் பக்கத்தில் கோளாறு, எல்லாம் அந்த இரும்பு வழியாக ஏறி வந்துவிடும். பட்டறையில் அவருக்குக் காதுக்காரர் என்றுதான் பெயர்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் முதல் நாளே சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. கைப்பிடியை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அவ்வளவுதான். கையை மூடி இறுக்கிப் பிடித்தால் கேட்பது மோட்டார் இல்லை, பிடித்தவன் ரத்தம். ஒரு தடவை ஒரு ஆள், கரண்டே கொடுக்காத மோட்டாரில் திருப்புளியை வைத்து, கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நல்லா ஓடுதுண்ணே" என்று சொல்லிவிட்டான். பட்டறை ஒரு மாசம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்தக் காதுக்காரர்தான் ஏழு வாரத்துக்கு முன்னால், சங்கிலியில் தொங்கிய மோட்டாரை இறக்கும்போது கொக்கி நழுவிய சத்தத்தைக் கேட்டும் அரை நொடி தாமதமாக நகர்ந்தார். முதுகெலும்பில் இரண்டு எலும்பு நொறுங்கிவிட்டது. அறுபட்டு, தைக்கப்பட்டு, உள்ளே இரண்டு கம்பியும் எட்டு ஸ்க்ரூவும் முடுக்கப்பட்டு வீட்டுக்கு வந்தார். வலி என்றால் வலி அவ்வளவு வலி. பெரிய மனுஷன், தலை நரைத்தவன், ஆஸ்பத்திரி வார்டே கேட்கும்படி அம்மா என்று கத்தினார். அந்த வலியை அடக்கத்தான் டாக்டர் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்தார். உள்ளங்கையில் பாதி அகலம், தோல் நிறம், மேல்முதுகில் ஒட்டிவிட்டால் மூன்று நாளைக்குத் தோல் வழியாகவே மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்.

வலி போனது. கூடவே மற்றதெல்லாம் போனது. நாக்கு மரக்கட்டை ஆயிற்று. வயிறு இறுகிப்போய், நாலு நாளைக்கு ஒருமுறை நடக்கிற அந்தக் காரியம் வீட்டுக்கே செய்தியானது. மகள் போன் செய்தால் முதலில் விசாரிப்பதே அதைத்தான். மூக்கு நுனியில் ஆரம்பித்து உடம்பெல்லாம் அரிப்பு. உட்கார்ந்தபடியே தூக்கம், ஸ்பூனைப் பிடித்தபடியே தூக்கம். விரல் நுனியில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். காது போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. செவிடாகியிருந்தால்கூடப் பரவாயில்லை. இல்லாத சத்தமெல்லாம் கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் பம்பு மோட்டார் எரிகிறது என்று சொல்லி, இரண்டு தடவை வாட்ச்மேனை ஓடவிட்டார். வைண்டிங் கருகுகிற வாசனைகூட வந்தது. வாட்ச்மேன் ஐந்து மாடி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றான். மோட்டார் அன்றைக்குப் போடவே இல்லையாம்.

"மருந்து பேசுது," என்றாள் அவர் மனைவி, வாட்ச்மேனிடம், சமாதானமாக.

அந்த வார்த்தை வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது. சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்றால் மருந்து பேசுது. மாடியில் யாரோ கட்டிலை இழுக்கிறார்கள் என்றால் மருந்து பேசுது. பால் புளிப்பாக இருக்கிறது என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. முப்பத்தோரு வருஷம் அவர் காது சொன்னதை நம்பி ஊரே ஸ்விட்ச் போட்டிருக்கிறது. இப்போது இரண்டு அங்குல பிளாஸ்திரிக்கு இருக்கிற மரியாதை அவருக்கு இல்லை.

திங்கட்கிழமை நடந்ததுதான் மோசம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைப் பார்த்தார். தெளிவாக, ஓரம் சுருண்டு, தோல் நிறத்தில். இது உனக்கு ஆகாது, எடுத்துவிடு என்று சொல்லிக்கொண்டே நகத்தால் ஓரத்தைப் பிடித்து உரித்தார். அவள் அலறினாள். பிளாஸ்திரி இல்லை, வெறும் தோல். நகம் போன வழியில் ரத்தம் புள்ளி புள்ளியாக எழும்பியது. அவள் கையைக் குழாயடியில் காட்டிக்கொண்டு வெகுநேரம் முதுகைத் திருப்பி நின்றாள்.

"சத்தியம் பண்ணுங்க," என்றாள் திரும்பாமலே. "மருந்து பேசறப்ப என்னைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

அவர் பண்ணினார். வெட்கத்தில் அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அவளைக் குறை சொல்ல அவருக்கு வாயே கிடையாது. ஏழு வாரமாக அவரைத் தூக்கி உட்கார வைப்பதும், துடைப்பதும், திருப்பிப் படுக்க வைப்பதும் அவள்தான். டாக்டர் அவளிடம் மூன்று விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். இவர் தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும், நிமிஷத்துக்குப் பத்துக்குக் கீழே இறங்கினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பிளாஸ்திரி மேல் சூடு படக் கூடாது; பட்டால் மூன்று நாள் மருந்தும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாக இறங்கிவிடும். பழக்கமில்லாத ஆள் மேல் அது தவறிக்கூட ஒட்டக் கூடாது. அவள் ஒவ்வொரு பிளாஸ்திரியிலும் ஒட்டுகிற தேதியைப் பேனாவால் எழுதுவாள், கை கழுவுவாள், பழையதை மடித்துப் போடுவாள். ராத்திரி முழுக்க அவர் விலாவில் கை வைத்து, நிமிஷம் குறித்து வைத்தால் அடிக்கிற சமையலறை மணியைத் திருகி வைத்து, எண்ணுவாள். ஒருநாள் வேடிக்கைக்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எட்டு நொடி இருக்கும். அவள் போட்ட சத்தத்தில் அவரே பயந்துபோய்ச் சிரிக்க, அவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்கு ஒரு அளவில்லையா என்று அழுதாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் முதுகில் பிளாஸ்திரியைக் காணோம்.

கட்டில் சின்னது. அவர் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும், அவள் மிச்ச இடத்தில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு படுப்பாள். முந்தின நாள் இரவு புழுக்கம் தாங்காமல் அவர் சட்டை போடவில்லை. போர்வையை உதறினார்கள், தலையணை உறையைக் கழட்டினார்கள், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கழுத்து அகலமான நைட்டியோடு அவள் குனிந்து தேடுகையில், அவிழ்ந்த கூந்தல் முதுகு முழுக்கக் கிடந்தது. கடைசியில் குளியலறையில்தான் விழுந்திருக்கும், சாக்கடையோடு போயிருக்கும் என்று முடிவு செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். படுக்கையில் நன்றாகத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்று ஒட்டிவிடுங்கள் என்றாள் நர்ஸ். அவள் 16 என்று எழுதி ஒட்டினாள்.

புதன்கிழமை அவள் மூக்கைச் சொறிந்தாள்.

அவர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் கழுத்தைச் சொறிந்தாள், கையைச் சொறிந்தாள். காலையில் சாப்பிட்டது நிற்கவில்லை, இரண்டு தடவை வாந்தி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பால் பொங்கித் தீய்ந்து, அந்தக் கருகல் வீடெல்லாம் சுற்றியது. அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தார்.

"உனக்கும் அரிக்குதா?"

"உங்களைப் பாத்துப் பாத்து எனக்கும் தொத்திக்கிச்சு," என்று சிரித்தாள். நாக்கு தடித்தாற்போலக் கொஞ்சம் குழறி வந்தது அந்தச் சிரிப்பு.

"தூக்கம் வேற. வாந்தி வேற. எனக்கு ஆரம்பத்துல இருந்த மாதிரியே இருக்கு."

"ஏழு வாரமா தூங்காம இருந்து பாருங்க, அப்பத் தெரியும்."

அவள் கண்ணைப் பார்த்தார். வெளிச்சத்தில் நடுக்கருப்பு கடுகளவு இருந்தது. கண்ணாடியில் தினமும் அவர் பார்க்கிற கண் அது. தன் கண்ணை எடுத்து அவள் முகத்தில் யாரோ வைத்துவிட்டதாகத் தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் மணிக்கட்டில் நகக் கீறல் இன்னும் சிவப்பாக இருந்தது. சொல்லவில்லை.

அவரைத் தூக்கித் தூக்கி அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. வியாழக்கிழமை, அதாவது இன்றைக்கு, சாப்பாடு முடிந்ததும் சுடுதண்ணீர்ப் பையை நிரப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "கொஞ்சம் முதுகுக்கு வெச்சுக்கிட்டுப் படுக்கறேங்க. ஒரு மணி நேரம் கழிச்சு எழுப்புங்க," என்றாள். வாசற்கதவை வழக்கம்போல உள்தாழ் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அப்புறம்தான் மின்விசிறி ஒரு சுற்றை விழுங்கியது.

அவர் எழுந்து, ஸ்விட்சை அணைத்தார். இறக்கைகள் களைத்து நின்றன. கரகரப்பு நிற்கவில்லை.

அப்படியானால் ஃபிரிட்ஜ். தொழிலாளி புத்தி, சும்மா இருக்க விடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நீளத் திருப்புளியை எடுத்தார். கையில் அது வந்ததும் ஏழு வாரத்தில் முதல் தடவையாகப் பழைய ஆளான மாதிரி இருந்தது. வாக்கரில் ஒரு கை, திருப்புளியில் ஒரு கை. ஃபிரிட்ஜின் விலாவில் முனையை வைத்து, இரண்டு விரலால் பிடித்து, கேட்டார். கம்ப்ரஸர் நன்றாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கினார். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. கரகரப்பு இருந்தது. இழுத்தது, நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இழுத்தது.

சமையலறைச் சுவரில் வைத்துக் கேட்டார், குழாயில் வைத்துக் கேட்டார். வாசற்பக்கம் போய் மெயினையே அணைத்தார். வீட்டில் நாம் கேட்டுக்கொண்டே இருந்து, கேட்பதாகவே தெரியாத அத்தனை சின்ன முனகல்களும் ஒரே நேரத்தில் செத்தன. மூடிய திரைகளுக்குப் பின்னால் மத்தியான வெயில் மட்டும் இருந்தது. தீய்ந்த பாலின் வாசனை நேற்றிலிருந்து இன்னும் போகவில்லை.

கரகரப்பு இப்போது தனியாகக் கேட்டது. படுக்கையறையிலிருந்து.

அவள் கவிழ்ந்தாற்போல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கழுத்துக்குக் கீழே சுடுதண்ணீர்ப் பை, அதன் மேல் துண்டு, துண்டின் மேல் பிரிந்து கிடந்த கூந்தல். வாய் லேசாகத் திறந்திருந்தது. சத்தம் அங்கிருந்துதான் வந்தது. உள்ளே எங்கேயோ ஆழத்தில் இழுத்து, தொண்டையில் உரசி, வெளியே வந்து, நின்றது.

சமையலறை மணி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு நிமிஷத்துக்குத் திருகினார். இத்தனை நாள் அவள் எண்ணியதை இவர் எண்ணினார். ஏழு. மறுபடி திருகினார். ஆறரை என்று சொல்லலாம், கடைசி ஒன்று முடியவில்லை.

"ஏம்மா," என்று கூப்பிட்டார். "இங்க பாரு. எழுந்திரு."

இமை துடித்தது. எழவில்லை. தொட்டு உலுக்கக் கை நீண்டது. மணிக்கட்டுக் கீறலைக் கண்டு நின்றது. சத்தியம்.

மகளுக்குப் போன் செய்தார். நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். பின்னணியில் பல்லைக் குடைகிற மெஷின் கிய்யென்றது.

"அம்மா ஓட்டம் குறையுதும்மா."

"என்ன குறையுது?"

"மூச்சு. நடுவுல நடுவுல விட்டுப்போகுது. எண்ணினேன், ஏழுதான் வருது."

"அப்பா, உன் மூச்சை எண்ணச் சொன்னாங்களா, அம்மா மூச்சையா?" அலுப்பும் பாசமும் கலந்து சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை மோட்டார் எரியுதுன்ன. திங்கக்கிழமை அம்மா கையைக் கிழிச்சு வெச்ச. இப்ப அம்மாவே நின்னுபோறாங்களா?"

"இது வேறம்மா. மெயினை அணைச்சுட்டுக் கேட்டேன்."

"மெயினை அணைச்சியா? ஐயோ அப்பா. அவங்க இத்தனை நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் தூங்கறாங்க. எழுப்பாத. தொடாத. மருந்து பேசுது, அவ்வளவுதான். ஆறு மணிக்கு நான் வந்துடறேன்."

போனை வைத்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மருந்தாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் மனசார விரும்பினார். காது போனால் போகட்டும், பைத்தியக்காரன் என்று பேர் வந்தாலும் வரட்டும். கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் இழுத்தது, நின்றது. சரி, இல்லாத சத்தம். இல்லாத சத்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதுகில் 16 தன் வேலையைச் செய்தது. இமை கனத்தது. திருப்புளி மடியில் இருந்தது.

அவரை எழுப்பியது எந்தச் சத்தமும் இல்லை.

சுவர்க்கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. பேட்டரிக் கடிகாரம், அது மட்டும் டக் டக்கென்றது. வேறு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அது நல்லது என்றே அவருக்குப் பட்டது. மருந்து பேசி முடித்துவிட்டது.

பிறகு இடைவெளியை எண்ணத் தொடங்கினார். பழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. பதினைந்து. இருபது.

"ஏம்மா."

இருபத்தாறு.

சுடுதண்ணீர்ப் பை சரிந்து கீழே விழுந்திருந்தது. துண்டும் கூடவே போயிருந்தது. கூந்தல் ஒரு பக்கமாக ஒதுங்கி, நைட்டியின் அகலக் கழுத்துக்கு மேலே, தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்திரி தெரிந்தது. தெளிவாக, ஓரம் சுருண்டு, தோல் நிறத்தில். திங்கட்கிழமை பார்த்த அதே மாதிரி.

இல்லை. இது இல்லாதது. வெறும் தோல்.

கண்ணை மூடித் திறந்தார். இருந்தது.

தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் முதுகைத் திருப்பி நின்று வாங்கிய சத்தியம். விரல் பக்கத்தில் போய் நின்றது. தோலைக் கிழித்தால் அலறுவாள். அலறட்டும். அலறினால் போதும்.

நகத்தால் ஓரத்தைப் பிடித்து உரித்தார்.

வந்தது. கையோடு வந்தது. அவள் அலறவில்லை.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவள் கையெழுத்து. வியர்வையில் கொஞ்சம் பரவியிருந்தது. 14.

ஞாயிற்றுக்கிழமை. அவர் முதுகில் ஒட்டியது. திங்கள் இரவு அவர் முதுகிலிருந்து அவள் முதுகுக்குப் போனது. மூன்று நாளாக அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் மேல் சூடும் வைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினார்.

உலுக்கினார். மல்லாக்கத் திருப்பினார், தன் முதுகுக்குள் ஏதோ ஸ்க்ரூ கழன்றதுபோல வெட்டியது, பொருட்படுத்தவில்லை. கன்னத்தில் தட்டினார். தலை தட்டிய பக்கமாகப் போனது. உதடு ஊதா நிறமாக இருந்தது. இருந்ததா? அவர் கண்ணுக்கு அப்படி இருந்தது.

போன்.

"அப்பா, திரும்பவுமா?"

"பதினாலு," என்றார். "பதினாலுன்னு எழுதியிருக்கும்மா. அம்மா கையெழுத்து. காணாமப்போன பிளாஸ்திரி. அம்மா முதுகுல இருந்துச்சு. உரிச்சுட்டேன். கையில இருக்கு."

பல்லைக் குடைகிற மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மகள் வேறு யாரிடமோ கத்தினாள். வேறு போன், ஆம்புலன்ஸ், முகவரி, ஐந்தாம் மாடி, சீக்கிரம். திரும்ப இவரிடம் வந்தபோது அவள் குரல் சின்ன வயசுக் குரலாகியிருந்தது.

"வண்டி வருதுப்பா. வாட்ச்மேனுக்கும் சொல்லிட்டேன். போனை வைக்காத. அம்மாவுக்கு மூச்சு இருக்கா பாரு. இல்லேன்னா சொல்லு, என்ன செய்யணும்னு நான் சொல்றேன். இருக்கா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தார். அவள் மூக்கடியில் விரலை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. அந்த விரலுக்குக் கொதிக்கிற டம்ளரே தெரியாது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். பார்க்கப் பார்க்க ஏறியது. சுவரும் ஏறியது. திரையும் ஏறியது.

கண்ணை நம்ப முடியாது. விரலை நம்ப முடியாது.

"அப்பா, இருக்கா?"

"இரும்மா. கேக்கறேன்."

மடியிலிருந்து விழுந்து கிடந்த திருப்புளியைக் குனிந்து எடுத்தார். முனையை அவள் நெஞ்சில் மெதுவாக வைத்தார், வலிக்காமல். கைப்பிடியைக் காதில் சேர்த்தார். கட்டைவிரல். ஆள்காட்டி விரல். கண்ணை மூடினார்.

கேட்டார்.

மெயின் அணைந்த வீடு. இரும்பு வழியாக ஏதும் வரவில்லை. ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார். கேட்டார். இன்னும் கொஞ்சம் கீழே. கேட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த அமைதியை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். கேட்டவுடன் தலையாட்டிவிட்டு, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிப் போய்விடுவார்.

"அப்பா. சொல்லுப்பா. பயமா இருக்கு."

மூன்றாவது விரல் கைப்பிடியில் வந்து படிந்தது. நாலாவதும் படிந்தது. அப்புறம் முழுக் கையும் மூடியது. இறுகியது.

டுப்.

டுப். டுப். டுப்.

"ஓடுது," என்றார்.

"நிஜமாவா?"

"நல்லா ஓடுதும்மா."

மகள் அழுதாள். "அப்படியே பாத்துக்கோப்பா. விட்டுடாத. வந்துட்டாங்க, கீழ வந்துட்டாங்களாம்."

இன்னும் இறுக்கினார். விரல் கணுக்கள் வெளுத்தன. சத்தம் பெரிதாயிற்று. சீரான ஓட்டம். உரசல் இல்லை, இடைவெளி இல்லை. இத்தனை நல்ல ஓட்டத்தை அவர் கேட்டே வெகுநாளாயிற்று. இரண்டு விரலால் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

மெயின் இல்லாததால் வாசல் மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டினார்கள். உள்தாழ் போட்ட கதவு. வாட்ச்மேன் சார், சார் என்றான். யாரோ காலால் உதைத்தார்கள். தலையணையிலிருந்து மகள், கதவைத் திறப்பா, கதவைத் திறப்பா என்றாள்.

திறக்கப் போனால் கையை எடுக்க வேண்டும். எடுத்தால் நின்றுவிடும்.

அவர் கண்ணைத் திறக்காமல், பிடியை விடாமல், கேட்டுக்கொண்டிருந்தார்.